குளிரில் ஒளிர்ந்த கட்டைவிரல்

அவளுக்கு அப்பா அம்மா ஆசை ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷமே அது காணாமல் போயிற்று. வாசல் காவலர் முதல் ஆய்வுக்கூடத் தலைவர் வரை எல்லோருக்கும் அவள் கிளவுஸம்மா. முகத்துக்கு நேரே வெறும் ‘அம்மா’, முதுகுக்குப் பின்னால் முழுப் பட்டம். அது அவளுக்கும் தெரியும். தெரிந்து, உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்தும் போவாள் என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் நடந்த கூத்துக்கெல்லாம் அந்தப் பெருமைதான் காரணம்.

விண்கலத்தில் பூட்டப்போகிற பொருள்களின் மாதிரித் துண்டுகளைத் துடைத்து, பிடிப்பில் மாட்டி, சோதனைக்குத் தயார் செய்வது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அந்தத் துண்டுகளின் மேல் வெறும் கை படக் கூடாது. பட்டால் தோலின் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். அதனால் கிளீன் ரூம் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களைக் கையுறை போட்ட இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் விரலாகப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அப்படி. ஒருமுறை பெரிய பதவியில் இருந்த ஒருவர் பரிவாரத்தோடு பார்வையிட வந்தார். கையுறைக்குள்ளே மோதிரம் புடைத்துக்கொண்டிருந்தது. கழற்றிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மோதிரம் லேசில் கழலவில்லை. சோப்புப் போட்டு இழுத்தார்கள். பரிவாரம் மொத்தமும் அரைமணி நேரம் நடையில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றது. இந்தக் கதையை அவள் வாயால் கேட்காதவர்கள் அந்தக் கட்டடத்தில் கிடையாது.

சோதனை நடக்கிற இரும்புக் கலத்துக்கு அங்கே அண்டா என்று பெயர். ஆளுயரம், தடித்த சுவர், இரண்டு பேர் தோள் கொடுத்தால்தான் மூடுகிற கதவு. துண்டை உள்ளே வைத்து, காற்றை ஒட்ட உறிஞ்சிவிட்டு, மைனஸ் இருநூறு டிகிரிக்கும் கீழே குளிர வைப்பார்கள். பிறகு மேலேயிருந்து ஒரு துப்பாக்கி எலக்ட்ரான்களைப் பொழியும். விண்வெளியில் கலத்தின் மேல் விழுகிற அதே பொழிவு. அப்போது சில பொருள்கள் மினுங்கும். வெளியே கம்மென்று கிடந்த பொருள்கூட, குளிரக் குளிர ஒளிவிடத் தொடங்கும். பொருளுக்குள் இருக்கிற சின்னச் சின்னக் குழிகளில் எலக்ட்ரான்கள் மாட்டிக்கொள்கின்றன, கொஞ்சம் சூடு இருந்தால் அந்தச் சூட்டில் துள்ளித் தப்பித்துவிடும், குளிரில் அதற்கு வழியில்லாமல் வாங்கிய சக்தியை வெளிச்சமாகக் கக்கிவிடும் என்று தலைவர் அவளுக்கு ஒருமுறை விளக்கினார். அவள் தலையாட்டினாள். பாதி புரிந்தது.

ஒளிர்ந்தால் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்கலாம். இந்த விண்கலத்தில் போகிறது ஒரு தொலைநோக்கி. யாரும் பார்த்திராத மங்கலான நட்சத்திரங்களைப் பார்க்கப் போகிறது. அதன் உடம்பே மினுங்கினால் அது எதைப் பார்க்கும்? கண்ணருகில் விளக்கைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் என்ன தெரிகிறது என்று கேட்ட கதையாகிவிடும். ஆகவே ஒளிரும் பொருள் எதுவோ அதைத் தள்ளிவிட்டு வேறு தேட வேண்டும். ஒரு துண்டைத் தள்ளினால் இரண்டு மாத வேலை பாழ்.

அந்தத் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தேய்த்தவர் பாலிஷ்காரர். அவருக்கும் கிளவுஸம்மாவுக்கும் பல வருஷமாக ஏழாம் பொருத்தம். அவர் வேலை கீழ்த்தளத்தில். உலோகத் தட்டைத் தூள் போட்டு, நீர் விட்டு, வெறும் விரலால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவருவார். எந்திரம் முடித்த பிறகு கடைசித் தேய்ப்பு அவருடைய விரல்தான். வெறும் கையில் வேலை செய்கிற மனிதர் மேலே ஏறி வருகிறார் என்றாலே இவள் ஸ்டூலை வாசலுக்கு நடுவே இழுத்துப் போட்டுக்கொள்வாள். தொப்பிக்குள் முடி அடங்கியிருக்காது, காலுறை ஒன்று கோணலாக இருக்கும். ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வைப்பாள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. “எழுதுங்கம்மா, எழுதுங்க. உங்க கையெழுத்து அழகா இருக்கு” என்று சிரித்துவிட்டுப் போவார். அது அவளுக்கு இன்னும் எரிச்சல்.

இன்னொன்றும் உண்டு. காலையில் எல்லோரும் வாசலில் இருக்கிற வருகை எந்திரத்தில் கட்டைவிரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். பாலிஷ்காரர் மட்டும் காவலர் மேசையில் குனிந்து நோட்டில் கையெழுத்துப் போடுவார். ஒருநாள் வரிசையில் எல்லோரும் நிற்க, அவள் உரக்கவே சொன்னாள், எந்திரம்கூட இவரை நம்ப மாட்டேன் என்கிறது பாருங்கள் என்று. எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

கண்ணாடியின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று போட்டிருந்தார்கள். அதே பூச்சு போட்ட உள்ளங்கை அகல வில்லை ஒன்றை அண்டாவில் வைத்துப் பார்க்க வேண்டும். வில்லை தேறினால் கண்ணாடி தேறியது. பாலிஷ்காரர் அதைப் பெட்டியோடு கொண்டுவந்தார். வழக்கம்போல் தொப்பிக்கு வெளியே ஒரு கொத்து முடி. இவள் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகியும் ஒரு தொப்பி போடத் தெரியவில்லையா, பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வது போல் தினமும் சொல்ல வேண்டுமா என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். பதிவேட்டிலும் எழுதினாள். அவர் முடியை உள்ளே தள்ளிக்கொண்டு, பெட்டியைக் கொடுத்துவிட்டு, கையெழுத்துப் போட ஓரமாக நின்றார்.

வில்லையைப் பிடிப்பில் மாட்டும்போது அவளுடைய வலது கையுறை கட்டைவிரல் நுனியில் கிழிந்தது. பிடிப்பின் திருகாணி முனை கீறிவிட்டது. பொட்டு அளவுக் கிழிசல் அகலமாகி, விரல் நுனி எட்டிப் பார்த்தது. சட்டப்படி எல்லாவற்றையும் அப்படியே வைத்துவிட்டு, வெளியே போய், புதுக் கையுறை போட்டு வர வேண்டும். சட்டம் எழுதியதே அவள்தான். ஆனால் வெளியே போகும் வழியில் பாலிஷ்காரர் நிற்கிறார். இப்போதுதான் அவரை வாங்கு வாங்கு என்று வாங்கியிருக்கிறாள். அவர் முன்னால் கிழிந்த கையுறையோடு எப்படிப் போவது? கட்டைவிரலை உள்ளுக்கு மடக்கிக்கொண்டாள். இன்னும் ஒரே ஒரு திருகாணிதான், மற்ற விரல்களால் சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

வில்லை நழுவியது. கீழே விழாமல் கை தானாகப் பிடித்தது, கட்டைவிரலும் சேர்ந்து. ஒரு நொடிதான். பதறிப்போய் விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. நுனிதான் பட்டது, பட்டதோ என்னவோ, படவே இல்லையோ என்று மூன்று வாக்கியத்தில் தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். நிமிர்ந்தபோது பாலிஷ்காரர் பதிவேட்டில் குனிந்திருந்தார். வில்லை அண்டாவுக்குப் போயிற்று.

நாலாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லோரும் இருட்டறையில் கூடினார்கள். அண்டாவை ஒட்டின சின்ன அறை அது. கருவிகளில் மினுக்கும் பச்சை, சிவப்புப் புள்ளிகள் மேலெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருக்கும். ஒளி அவ்வளவு மங்கல், ஒரு புள்ளி வெளிச்சம் கசிந்தாலும் கணக்குக் கெட்டுவிடும். சத்தத்தால் ஒன்றும் கெடாது. இருந்தாலும் அங்கே எல்லோரும் கிசுகிசுவென்றுதான் பேசுவார்கள். கேமரா பார்ப்பதைக் காட்டும் திரை மட்டும் கறுப்பாகக் கிடந்தது. தன் கண்ணாடி தேறுகிறதா என்று பார்க்கப் பாலிஷ்காரரும் வந்து சுவரோரமாக நின்றிருந்தார்.

துப்பாக்கி பொழிந்துகொண்டிருந்தது. அண்டா குளிர்ந்துகொண்டிருந்தது. மைனஸ் நூறு வரை திரையில் ஒன்றுமில்லை. தலைவர் கைகளைத் தேய்த்துக்கொண்டார். நூற்றைம்பது தாண்டியதும் வில்லையின் ஓரத்தில் லேசான நீலம் தட்டியது. முதலில் ஒரு கறை. பிறகு முட்டை வடிவம். குளிரக் குளிர அதற்குள் கோடுகள் பிரிந்தன, வளைந்து வளைந்து, ஒன்றுக்குள் ஒன்றாக. மைனஸ் இருநூறில் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனிதக் கட்டைவிரல் ரேகை, நீலமாக, அமைதியாக ஒளிர்ந்துகொண்டிருந்தது.

அந்த ரேகையின் குறுக்கே ஒரு சாய்ந்த கோடு இருந்தது. ஒன்பது வயதில் பால்மாவு டப்பா மூடியைத் திறக்கப் போய்க் கிழித்துக்கொண்ட தழும்பு அவள் வலது கட்டைவிரலில் உண்டு. தழும்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று யோசித்தாள். தன்னுடையது இடமிருந்து வலமாக ஏறும். திரையில் இருப்பது வலமிருந்து இடமாக ஏறுகிறது. அப்பாடா, நம்முடையது இல்லை என்று ஒரு கணம் உடம்பே லேசானது. மறுகணமே உறைத்தது. பதிந்த ரேகை திரும்பித்தான் விழும். மை தொட்டு வைத்தாலும் அப்படித்தான். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்திக்கொண்டாள்.

விளக்கைப் போட்டார்கள். வில்லையைக் கையாண்டவர்கள் யார் என்று தலைவர் பதிவேட்டை எடுத்தார். இரண்டே பெயர்கள். ஒன்று கொண்டுவந்தவர், மற்றொன்று மாட்டியவள். கொண்டுவந்தவர் பெயருக்கு எதிரே இவளுடைய அழகான கையெழுத்தில், ‘தொப்பி சரியாக அணியவில்லை’. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினார். அவர் பெயர் வந்த இடமெல்லாம் ஏதாவது ஒரு குறை. இவள் பெயருக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமும் சுத்தம். ரேகையை வைத்து ஆளைப் பிடிக்க இது போலீஸ் ஸ்டேஷன் இல்லை, அந்த அசிங்கமெல்லாம் வேண்டாம் என்று தலைவர் சொன்னார். சொல்லிக்கொண்டே பாலிஷ்காரரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

பாலிஷ்காரர் இவளைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை.

இவளும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் போதும், இரண்டே சொல். அந்த இரண்டு சொல்லை மென்று விழுங்கினாள். யாரோ ஒருவர் அவள் தோளைத் தட்டி, நீங்கள் எவ்வளவோ தலைபாடாக அடித்துக்கொண்டீர்கள் அம்மா, கேட்டால்தானே என்று அனுதாபப்பட்டார். அதற்கும் தலையாட்டினாள். அவள் வாழ்க்கையில் செய்த மிகக் கேவலமான காரியம் அந்தத் தலையாட்டல்தான் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தொட்டது விபத்து. தலையாட்டியது விபத்து இல்லை.

அன்றைக்கே உத்தரவு வந்தது. பாலிஷ்காரர் இனி கிளீன் ரூமுக்குள் வரக் கூடாது, கொண்டுவருவதை வாசல் மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். அதைவிடப் பெரிய அடி வேறொன்று. கண்ணாடியை விண்கலத்தில் பொருத்துவது வேறொரு ஊரில். அதற்குப் போகும் ஆறு பேரில் அவரும் ஒருவர் என்று எப்போதோ சொல்லியிருந்தார்கள். உறையை நீக்கி, கடைசியாக ஒருமுறை பார்த்து, சரி என்று சொல்ல வேண்டியவர் அவர். அதற்குப் பிறகு கண்ணாடியை மூடிவிடுவார்கள். விண்ணுக்குப் போய்த்தான் திறக்கும், மனிதர் யாரும் அதை மறுபடி பார்க்கப் போவதில்லை. மூன்று வருஷம் விரலால் தேய்த்தவருக்கு அந்த ஒரு பார்வைதான் பாக்கி. பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்துவிட்டார்கள்.

புது வில்லை தயாராகி, அண்டாவில் வைத்து, இருட்டில் ஒரு மினுக்கமும் இல்லாமல் தேற ஏழு வாரம் ஆயிற்று. அந்த ஏழு வாரமும் அவள் தினமும் சொல்லிவிடப் போனாள். தலைவர் அறை வாசல்வரை போவாள். உள்ளே ஆள் இருந்தால், ஆள் இருக்கிறதே என்று திரும்புவாள். ஆள் இல்லாவிட்டால், பாவம் வேலையாக இருக்கிறார் என்று திரும்புவாள். சப்பைக்கட்டுக்கா பஞ்சம்? வீட்டில் கணவர், நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டுபவர், கையெல்லாம் பசையோடு வந்து நின்று, “கிளவுஸம்மா, உள்ள வரலாமா?” என்று வழக்கம்போல் கைகளை நீட்டிக் கிண்டல் செய்வார். முன்பெல்லாம் சிரிப்பாள். இப்போது எரிந்து விழுந்தாள். கைபேசி அவள் கட்டைவிரல் பட்டால் திறக்கும். அதை மாற்றி எண்கள் போட்டுத் திறக்கும்படி வைத்துக்கொண்டாள். காலையில் வாசல் எந்திரத்தில் விரலை வைக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பாலிஷ்காரர் வாசல் மேசையில் பெட்டியை வைத்துவிட்டு நிற்பார். அவள் எடுத்துக்கொள்வாள். இரண்டு பேரும் பேசுவதில்லை. ஒவ்வொரு முறையும் அவர் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டுப் போவது போல் அவளுக்குத் தோன்றும்.

பட்டியலில் காலியான இடத்துக்குத் தலைவர் யோசிக்கவே இல்லை. உறையை நீக்க இருப்பதிலேயே சுத்தமான கை எது என்றார். எல்லோரும் அவளைக் காட்டினார்கள். உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. பெட்டியைக் கட்டிக்கொண்டு போனாள்.

அந்தப் பெரிய கூடத்தில், வெள்ளை உடுப்பில், இரட்டைக் கையுறை போட்டுக்கொண்டு உறையை நீக்கினாள். கண்ணாடி குளம்போல் கிடந்தது. சுற்றிலும் நின்றவர்கள் ஆ என்றார்கள். சரிதானா அம்மா என்று தலைவர் கேட்டார். சரி என்றாள். மூடினார்கள்.

திரும்பி வந்த மறுநாள் காலை வாசல் எந்திரம் பழுதாகிக் கிடந்தது. எல்லோரும் காவலர் மேசையில் நோட்டில் கையெழுத்துப் போட வரிசையில் நின்றார்கள். அவளுக்கு முன்னால் இரண்டு ஆள் தள்ளி பாலிஷ்காரர். அவர் போட்டுவிட்டுப் போனதும், இவருக்கு மட்டும் இன்றைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை என்று யாரோ சிரித்தார்கள். புதிதாக வந்த காவலர் ஏன் என்று கேட்டார். பழைய காவலர் சொன்னார்:

“அவருக்கு ரேகையே கிடையாதுப்பா. முப்பது வருஷம் தேச்சுத் தேச்சு எல்லா வெரலும் வழவழன்னு ஆயிருச்சு. மெஷின் எப்படி எடுக்கும்?”

அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின்னால் இருந்தவர் நகரச் சொன்னார்.

ரேகையே கிடையாது. அன்றைக்கு இருட்டறையில் அவர் ஒரு கையைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும், வழக்கு முடிந்திருக்கும். தூக்கவில்லை. தன்னுடையது இல்லை என்று அவருக்கு அந்தக் கணமே தெரியும். பதிவேட்டில் இரண்டே பெயர்கள். அப்படியானால் யாருடையது என்றும் அந்தக் கணமே தெரியும். அவர் இவளைப் பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏழு வாரமும் வாசல் மேசையில் ஒரு கணம் கூடுதலாக நின்றதும் புரிந்தது. யாருக்கும் தெரியாது என்று நினைத்து வெட்கப்படுவது ஒரு வகை. தெரிந்த ஒருவர் தினமும் எதிரே நின்றுகொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்து வெட்கப்படுவது வேறு வகை. காது மடலெல்லாம் கொதிக்க, அன்று முழுக்க ஒரு திருகாணியைக்கூட அவளால் ஒழுங்காக முடுக்க முடியவில்லை.

மாலை ஐந்தரைக்கு விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். இரண்டாம் மாடி, படிக்கட்டில் மிதிவண்டி சாத்தியிருந்தது. கதவைத் திறந்தது அவர் மனைவி. யார் என்று கேட்கவில்லை. கீழே இறங்கிய பார்வை இவள் வலது கையில் நின்றது. பிறகு, “உள்ள வாங்க” என்றார். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொண்டுவந்து, கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார்.

பாலிஷ்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் வழியெல்லாம் நீளமாக ஒத்திகை பார்த்திருந்தாள். அதில் ஒரு வரிதான் வந்தது.

“அந்த வில்லைல இருந்தது என் வெரலுங்க” என்றாள்.

“தெரியும்மா.”

“கையைத் தூக்கிக் காட்டியிருக்கலாமே. ஏன் காட்டல?”

“நான் கையைக் காட்டினா, அடுத்து உங்க கையைத்தான் எல்லாரும் பாப்பாங்க. அத்தன பேர் முன்னால அது எதுக்குன்னு இருந்துச்சு. நீங்களா சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். இன்னைக்குச் சொல்வாங்க, நாளைக்குச் சொல்வாங்கன்னு பாத்தேன். அப்புறம் நீங்க கெளம்பி, கண்ணாடி மாட்டுற ஊருக்கே போயிட்டீங்க.”

“நான் அன்னைக்கே சொன்னேன், போய்ச் சொல்லுங்கன்னு” என்றார் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு. “கேட்டாத்தானே.”

இவள் தலையைக் குனிந்துகொண்டாள். மன்னித்துவிடுங்கள் என்று சொன்னாளா இல்லையா என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. அவர் அதற்குப் பதில் எதுவும் சொல்லாதது மட்டும் நினைவிருக்கிறது. கொஞ்சம் முன்னால் சாய்ந்து வேறொன்று கேட்டார்.

“கண்ணாடி ஒழுங்கா உக்காந்துச்சா?”

“உக்காந்துச்சுங்க.”

“இடது ஓரத்துல, கீழ, ஒரு சின்ன அலை மாதிரி இருக்கும். தேச்சுப் போக்கிட்டேன். இருந்தாலும் எடுத்துக்கிட்டுப் போற ஆட்டத்துல திரும்ப வந்துருமோன்னு ஒரு பயம். பக்கவாட்டுல குனிஞ்சு பாத்தாத்தான் தெரியும். பாத்தீங்களா?”

இல்லை, அலையெல்லாம் ஒன்றுமில்லை, பளிங்கு மாதிரி இருந்தது என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்துவிட்டது. நல்ல பொய். அவருக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அந்த வாயால் இனி இன்னொரு பொய் எப்படிச் சொல்வது?

“பாக்கலங்க” என்றாள். “ஒறையை எடுத்ததும் என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. என்னால பாக்க முடியல. கண்ணைத் திருப்பிக்கிட்டேன். சரியான்னு கேட்டாங்க. சரின்னுட்டேன்.”

அவருடைய விரல்கள் துண்டை ஓரமாகச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தன. வழவழப்பான, கோடில்லாத விரல்கள். மனைவி உள்ளே போய்விட்டார்.

“யாராவது ஒருத்தர் பாத்திருக்கலாம்” என்றார் கடைசியில். அவ்வளவுதான். அவள் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து வந்தாள்.

மறுநாள் காலை தலைவர் அறையில் ஆள் இருந்தார்கள், நாலு பேர். அவள் திரும்பவில்லை. நின்றுகொண்டே சொன்னாள். கையுறை கிழிந்தது, மாற்றாமல் விட்டது, விரல் பட்டது, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது, பட்டியலில் அவர் இடத்தில் போனது, கண்ணாடியைப் பார்க்காமலே சரி என்றது, எல்லாவற்றையும். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. முதலில் போனை எடுத்து, கண்ணாடி பொருத்திய கூடத்தில் இருந்தவர்களிடம் பேசினார். மூடியாகிவிட்டது, எந்திரம் வைத்து அளந்த அளவெல்லாம் சரியாக இருக்கிறது, இனித் திறக்க வழியில்லை என்று பதில் வந்தது. அவளைத் திட்டவில்லை. பதிவேட்டை அவள் பக்கம் தள்ளி, நீங்களே எழுதுங்கள் என்றார். எழுதினாள். அந்த அழகான எழுத்து கோணலாக விழுந்தது.

பாலிஷ்காரருக்கு இருந்த தடையை அன்றைக்கே நீக்கினார்கள். அவளுக்குத் தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. அப்பா அம்மா வைத்த பெயர்தான் திரும்பி வந்தது. முதுகுக்குப் பின்னால்கூட யாரும் கிளவுஸம்மா என்று சொல்வதில்லை. எல்லோரும் மரியாதையாக, முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்துக் கேட்ட அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கணம் பிடித்தது.

வாசல் ஸ்டூலில் உட்காருவதை விட்டுவிட்டாள். யாருடைய கையை எந்த முகத்தோடு பார்ப்பது? ஸ்டூலைச் சுவரோரமாகத் தள்ளிவைத்துவிட்டு, வருகிறவர்கள் வரட்டும் என்று உள்ளே தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது நாள் பாலிஷ்காரர் பெட்டியோடு வந்தார். தொப்பி ஒழுங்காக இருந்தது. முடியெல்லாம் உள்ளே. பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூல் வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நேரே நின்று, கையுறை போட்ட இரண்டு கைகளையும் நீட்டினார்.

“பாருங்க” என்றார்.

“நான் எப்படிங்க...” என்று இழுத்தாள்.

“பாருங்கம்மா. யாரும் பாக்காம நான் உள்ள வர்றதா இல்ல.”

எழுந்து வந்தாள். விரல் விரலாகப் பார்த்தாள். கிழிசல் இல்லை, மடிப்பு இல்லை. சரி என்றாள். அவர் நகரவில்லை.

“இப்ப உங்க கை.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கைகளை நீட்டினாள். அவர் அவசரப்படவில்லை. இடது கையை முடித்து, வலது கையின் சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக வந்தார். கட்டைவிரலுக்கு வந்ததும், ரப்பரை லேசாக இழுத்துப் பிடித்து, மேல் விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைப் பார்ப்பது போல், பக்கவாட்டில் குனிந்தும் பார்த்தார்.

“சரி. போலாம்” என்றார்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் வரும் நாளெல்லாம் அவள் அவர் கையைப் பார்ப்பாள், அவர் அவள் கையைப் பார்ப்பார். இப்போது கொஞ்சம் பேசிக்கொள்வதும் உண்டு. தொப்பியைப் பற்றிக் கிண்டல்கூட உண்டு. ஆனால் அவர் அந்தக் கட்டைவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்புகிறபோது, அவள் இன்றுவரை ஒருமுறைகூடத் தலையை நிமிர்த்தியதில்லை.